பாப்பாவோட லேப்டாப்பும் மாடி ரூம் வைஃபையும்: புதுசு வாங்கறதா, இருக்கறத சரி பண்றதா?

2025 தீபாவளி லீவுக்கு திருச்சில அக்கா வீட்டுக்கு போனப்ப வீட்ல பெரிய பஞ்சாயத்து ஓடிட்டு இருந்துச்சு. அக்கா பொண்ணு, எங்க பாப்பா, +1 படிக்கறா, கம்ப்யூட்டர் சயின்ஸ் க்ரூப். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல மூணு மணி நேர மாக் டெஸ்ட், அது பாதில நெட்டு போயிடும், திரும்ப உள்ள போறதுக்குள்ள லேப்டாப் சுத்திக்கிட்டே நிக்கும், தொடர்ந்து மூணு வாரம் பேப்பர் பாதிதான் முடிஞ்சிருக்கு. அக்கா "புது லேப்டாப்பே வாங்கி குடுத்துரலாம்டி"ன்னு சொல்றா, மாமா "லேப்டாப்புக்கு ஒண்ணும் இல்ல, நெட்டு ப்ளானத்தான் மாத்தணும், 300 எம்பிபிஎஸ் போட சொல்றாங்க"ன்னு சொல்றாரு, நடுவுல பாப்பா மட்டும் என்ன தனியா கூப்ட்டு "சித்தி நான் கேம் எதுவும் ஏத்தல, யாருமே நம்ப மாட்டேங்கறாங்க"ன்னு சொன்னா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாலு நாள் உக்காந்து பாத்தேன். இப்ப இத எழுதறதும் அதே மாதிரி வீட்ல திட்டு வாங்கிட்டு இருக்கற புள்ளைங்களுக்காகத்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். லேப்டாப் ஸ்லோவும் நெட்டு ஸ்லோவும் ரெண்டு வேற வேற நோய். ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஏதோ ஒண்ணு வட்டமா சுத்தும், அவ்ளோதான். எது எதுன்னு பிரிக்காம காச எறக்குனா அம்பதாயிரம் ரூபா லேப்டாப் வந்து அதே மாடி ரூம்ல அதே மாதிரி கட்டாகும், இல்லாட்டி 300 எம்பிபிஎஸ் லைன் வந்தும் லேப்டாப் நாலு நிமிஷம் கழிச்சுத்தான் தெறக்கும்.

பிரிச்சு பாக்க பத்து நிமிஷம் போதும். நெட்ட ஆஃப் பண்ணிட்டு லேப்டாப்ப ரீஸ்டார்ட் பண்ணி, டாஸ்க் மேனேஜர் தெறந்து வச்சுட்டு, சும்மா ஒரு வேர்ட் ஃபைல தெறங்க. நெட்டே இல்லாம இவ்ளோ நேரம் எடுத்தா அது லேப்டாப் நோய். பாப்பாவோடதுல டிஸ்க்ங்கற கட்டம் 100 சதவீதத்துல போய் நின்னுச்சு, எறங்கவே இல்ல, ப்ராசஸர் 20 கூட தாண்டல. அப்பவே பாதி விடை கெடச்சிருச்சு. நெட்டுக்கு கமாண்ட் ப்ராம்ப்ட் ரெண்டு தெறந்து, ஒண்ணுல வீட்டு ரூட்டருக்கு பிங் (தகவல் போயி திரும்பி வர எவ்ளோ நேரம்னு அளக்கற கமாண்ட்), நிறைய வீட்ல அது 192.168.1.1 இல்ல 192.168.0.1 ஆ இருக்கும், இன்னொண்ணுல வெளிய கூகுளோட 8.8.8.8 க்கு பிங், ரெண்டுலயும் கடைசில மைனஸ் டி போட்டா நிக்காம ஓடும். வெளிய போறது மட்டும் அந்து போயி ரூட்டருக்கு போறது சீரா இருந்தா லைன் கோளாறு, கம்ப்ளைன்ட் போடணும், ஃபைபர் பொட்டில சிவப்பு லைட்டு எரிஞ்சா சந்தேகமே வேணாம். எங்களுக்கு ரூட்டருக்கு போறதே 3 மில்லிசெகண்ட், 5, அப்பறம் திடீர்னு 400, 900, டைம்ட் அவுட். அதாவது நெட்டு கம்பெனி வீட்டு வாசல் வரைக்கும் ஒழுங்காத்தான் கொண்டாந்து குடுக்குது, வாசல்லேந்து மாடிக்கு ஏறறதுலதான் தடுமாற்றம். மாமா கேட்ட 300 எம்பிபிஎஸ் ப்ளான் அந்த நிமிஷமே கணக்குலேந்து போயிருச்சு. இப்ப இருக்கற 100 லயே ஒரு வீடியோ க்ளாஸுக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம், மாக் டெஸ்ட்டுக்கு அதுவும் வேணாம், அதுக்கு வேண்டியது வேகம் இல்ல, அறுந்து போகாம இருக்கறது.

சரி லேப்டாப்புக்கு வரேன். 2020 லாக்டவுன்ல ஆன்லைன் க்ளாஸுக்காக அவசரமா வாங்குனது, அப்ப கடைல எது இருந்துச்சோ அது. ஐ3 ஏழாம் தலைமுறை ப்ராசஸர், போர்டுலயே ஒட்டுன 4 ஜிபி ராம், பக்கத்துல ஒரு ஸ்லாட் காலி, 1 டிபி ஹார்ட் டிஸ்க் 5400 ஆர்பிஎம். இந்த மாதிரி மெஷின் தமிழ்நாட்ல எத்தன வீட்ல இருக்கும்னு நெனச்சு பாருங்க, அந்த வருஷம் வாங்குனவங்க நிறைய பேர்கிட்ட இது மாதிரிதான்.

கைல இருந்த வழி நாலு. காசு செலவில்லாம சுத்தம் பண்றது, எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா சிப்புலயே சேமிக்கறது) ராமும் போடறது, செகண்ட் ஹேண்ட் ஆஃபீஸ் லேப்டாப், புது லேப்டாப்.

சுத்தம் பண்றத முதல் நாளே பண்ணிட்டேன். ஸ்டார்ட்அப்ல தானா எந்திரிக்கறது பதினோரு சாமான், ஆன்டிவைரஸ் ரெண்டு, அதுல ஒண்ணு ட்ரையல் முடிஞ்சு வருஷக்கணக்கா சும்மா ஓடிட்டு இருக்கு, ப்ரவுசர்ல எக்ஸ்டென்ஷன் ஒம்போது. எல்லாத்தையும் எடுத்துட்டு ஃபேன்ல இருந்த தூசிய ஊதி எடுத்தேன், சத்தியமா ஒரு கைப்பிடி பஞ்சு மாதிரி வந்துச்சு. பலன்? தெறக்க நாலு நிமிஷம் எடுத்தது மூணு நிமிஷம் ஆச்சு. கேம் எதுவும் இல்ல, அவ சொன்னது உண்மை, அத அன்னிக்கு சாப்புடும்போது எல்லார் முன்னாடியும் சொன்னேன்.

ஏன் சுத்தம் பண்ணியும் பத்தலன்னா, ஹார்ட் டிஸ்க்குங்கறது உள்ள தட்டு சுத்தி, ஊசி மாதிரி ஒரு கை அங்க இங்க போயி படிக்கறது. வரிசையா ஒரு பெரிய சினிமா ஃபைல படிக்க சொன்னா நொடிக்கு 100 எம்பி வரைக்கும் குடுக்கும், ஆனா விண்டோஸ் தெறக்கும்போது ஆயிரக்கணக்குல குட்டி குட்டி ஃபைலு, ஒவ்வொண்ணுக்கும் கை நகரணும், தட்டு சுத்தி வரணும், நொடிக்கு நூறு தடவ கூட முடியாது. எஸ்எஸ்டில நகர்றதுக்கு ஒண்ணுமே இல்ல, அதே வேலைய ஆயிரக்கணக்குல முடிக்கும். இதுல 4 ஜிபி ராமும் சேந்துக்கிச்சு, ப்ரவுசர்ல அஞ்சு டேப் தெறந்தாலே ராம் ரொம்பி, மிச்சத்த டிஸ்க்ல கொண்டுபோய் வைக்க ஆரம்பிக்கும், ஏற்கனவே மூச்சு வாங்கற டிஸ்க்குக்கு இன்னொரு மூட்ட. அதனால எஸ்எஸ்டி மட்டும் போட்டாலும் பாதி, ராம் மட்டும் போட்டா கால் கூட இல்ல. ஒண்ணுதான் முடியும்னா கண்ண மூடிட்டு எஸ்எஸ்டி போடுங்க.

செகண்ட் ஹேண்ட் ஆஃபீஸ் லேப்டாப்பதான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். பெரிய கம்பெனிங்க மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு கழிச்சு விடற திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் மாதிரி மெஷின், எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டின்னு 20,000 பக்கத்துல எனக்கு ரெண்டு கடைல சொன்னாங்க. எட்டாம் தலைமுறைங்கறது சும்மா ஒரு நம்பர் இல்ல, அதுக்கு முந்தி இந்த மாதிரி ஆஃபீஸ் லேப்டாப் ஐ5 ல பெரும்பாலும் ரெண்டு கோர்தான் (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேலை பாக்கற பகுதி), அதுலேந்துதான் நாலு கோர் சாதாரணமாச்சு, அதோட விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்கறதும் அங்கேந்துதான் ஆரம்பிக்குது. கீபோர்டு, கீல் எல்லாம் புது பட்ஜெட் லேப்டாப்ப விட உறுதியா இருக்கும். ஆனா பேட்டரி எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாக்கணும், விண்டோஸுக்கு முந்தி வர்ற பயாஸ்ல பாஸ்வேர்ட் போட்டு பூட்டிருக்கான்னு பாக்கணும், முக்கியமா கடைல வச்சே விண்டோஸ ரீசெட் பண்ணி வைஃபைல கனெக்ட் பண்ணி பாக்கணும், ஏன்னா சில மெஷின் பழைய கம்பெனி கணக்குல இன்னும் பதிஞ்சிருக்கும், ரீசெட் பண்ண ஒடனே அந்த கம்பெனி லாகின் கேட்டு நிக்கும், அப்பறம் அது வெறும் பொட்டிதான். பாப்பாவோட லேப்டாப்ல போர்டோ டிஸ்ப்ளேயோ போயிருந்தா நான் யோசிக்காம இதுக்குத்தான் போயிருப்பேன்.

புது லேப்டாப் அப்ப 45,000லேந்து 50,000. அக்காவும் மாமாவும் எப்படியாவது பொரட்டி வாங்கிடுவாங்க, அது தெரியும். ஆனா பாப்பாவுக்கு இப்பவே ரெண்டு மனசு, ஆர்க்கிடெக்சர் போகலாமா இல்ல பிஎஸ்சி கணக்கு எடுக்கலாமான்னு. ஆர்க்கிடெக்சர்னா 3டி வேலைக்கு தனி க்ராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம்னு ஒரு கனமான மெஷின் தேவப்படும், கணக்குன்னா எடை கம்மியா பேட்டரி நிக்கற மெஷின் போதும். இப்ப அம்பதாயிரம் போட்டு வாங்கறது ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணா இருக்கும், 2027 ல காலேஜ் சேரும்போது திரும்ப இன்னொண்ணு கேக்கும். அந்த காச அப்படியே வச்சிருந்து கோர்ஸ் தெரிஞ்சப்பறம் வாங்குனா அவளுக்கு சரியானது கெடைக்கும். இப்போதைக்கு எஸ்எஸ்டியும் ராமும் போட்டா போதும்ங்கற என்னோட முடிவுக்கு முழு காரணமும் இதுதான், விலை கம்மிங்கறது ரெண்டாவது.

இன்னிக்கு +1 +2 வுக்கு அவளுக்கு என்ன வேணும்னு பாத்தீங்கன்னா நம்ம தமிழ்நாடு பாடத்திட்டத்துல +1 ல சி++, +2 ல பைத்தான், ரெண்டுமே இந்த பழைய ஐ3 ல அலுங்காம ஓடும். மிச்சம் வீடியோ க்ளாஸ், பிடிஎஃப், மாக் டெஸ்ட், சாயங்காலம் கொஞ்சம் படம் வரையறது.

விண்டோஸ்ல ஒரு சிக்கல் இருக்கு, அத மறைக்க மாட்டேன். விண்டோஸ் 10 க்கு 2025 அக்டோபர் 14 ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, நாங்க இந்த பஞ்சாயத்த பேசிட்டு இருந்ததே அதுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான். இந்த ஏழாம் தலைமுறை ப்ராசஸர் விண்டோஸ் 11 லிஸ்ட்ல இல்ல. குறுக்கு வழில ஏத்தலாம், நிறைய பேர் ஏத்தறாங்க, ஆனா அப்டேட் வரும்னு உத்தரவாதம் கெடையாதுன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிருக்கு, பரீட்சைக்கு படிக்கற புள்ள மெஷின்ல அந்த சோதனை வேணாம்னு விட்டுட்டேன். வீட்டு கம்ப்யூட்டருக்கு செக்யூரிட்டி அப்டேட்ட மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிச்சு தராங்க, செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே பதிஞ்சுக்கலாம், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ் பேக்கப்ப ஆன் பண்ணா காசு வாங்கறதில்ல. அத பதிஞ்சேன். கூடவே பக்கத்துல விண்டோஸுக்கு பதிலா ஓடற இலவச லினக்ஸ் மின்ட் 22 போட்டு வச்சிருக்கேன், அதுக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. இப்ப சி++ அவ மின்ட்லதான் பண்றா, தமிழ்99 கீபோர்டும் போட்டு குடுத்தேன், பழகிட்டா. 2026 அக்டோபர் தாண்டி +2 பரீட்சை வரைக்கும் நெட்டு வேலை எல்லாம் மின்ட்ல போயிரும். உங்க வீட்டு டெஸ்ட் சைட்டு விண்டோஸ்லதான் ஓடும்னு அடம் பிடிக்கற வகையா இருந்தா, கேமரா வச்சு கண்காணிக்கற சாஃப்ட்வேர் சிலது அப்படி, இந்த வழி ஒத்து வராது, அப்ப அந்த செகண்ட் ஹேண்ட் எட்டாம் தலைமுறைதான் சரி. கேமுக்காக கேக்கற பசங்களுக்கும் ஒண்ணு, வேலரன்ட் மாதிரி சிலது லினக்ஸ்ல ஓடாது, மைன்க்ராஃப்ட் ஜாவா ஓடும்.

500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 8 ஜிபி டிடிஆர்4 ராம் ரெண்டும் சேத்து எனக்கு 6,700 ஆச்சு, அதுல ராம் மட்டுமே 3,000 கிட்ட. ராம் விலை 2025 கடைசில ஏற ஆரம்பிச்சுது, ஏஐ டேட்டா சென்டருங்களுக்கே மெமரி எல்லாம் போச்சு, அந்த டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி க்ரூஷியல்ங்கற பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வித்துட்டிருந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப்போறதா அறிவிச்சிருச்சு. அதனால போடறதா இருந்தா தள்ளிப்போடாதீங்க, சென்னைல இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி எறங்கி கேளுங்க. வாங்கறதுக்கு முன்னாடி டிடிஆர்3 ஆ டிடிஆர்4 ஆ, ஸ்லாட் காலியான்னு சிபியூ-இசட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர்ல பாத்துக்கோங்க, ஒண்ணுக்கொண்ணு மாத்தி சொருக முடியாது. பழைய டிஸ்க்க அப்படியே காப்பி எடுத்து ஓட்டறத விட நான் புதுசாத்தான் விண்டோஸ் ஏத்துனேன், அஞ்சு வருஷ குப்பை திரும்ப எதுக்கு. இப்ப தெறக்க இருவத்தஞ்சு செகண்டு.

வைஃபை கதை இதவிட சுவாரசியம்.

ரூட்டர் கீழ ஹால்ல, டிவி ஷோகேஸ் உள்ள, கண்ணாடி கதவுக்கு பின்னாடி. பாப்பா ரூம் மாடில பின்பக்கம். பழைய வீட்டு மேல பின்னாடி கட்டுன மாடி, நடுவுல கம்பி கட்டுன கான்க்ரீட் தளம், அதுக்கும் மேல அவ டேபிளுக்கும் படிக்கட்டுக்கும் நடுவுல ஒரு இரும்பு பீரோ. செங்கல் சுவரையாவது சிக்னல் தட்டுத்தடுமாறி தாண்டும், இரும்பு பீரோவ தாண்டாது, சுத்திக்கிட்டுத்தான் வரணும். லேப்டாப்ல வைஃபை ப்ராபர்ட்டீஸ் பாத்தா வைஃபை 4ங்கற பழைய வகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அந்த விலை லேப்டாப் நிறையதுல அப்ப ஒத்த ஆன்டெனா கார்டுதான் போட்டு குடுத்தாங்க, 5 கிகாஹெர்ட்ஸ் அதுக்கு தெரியவே தெரியாது. 2.4 ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணு, 1, 6, 11. மாடிலேந்து ஸ்கேன் பண்ணா அக்கம்பக்கத்து நெட்வொர்க் பதினாலு, எல்லாம் அந்த மூணுக்குள்ள.

இதுல நான் எதிர்பாக்காதது ப்ளூடூத். அவ ஹெட்செட் மாட்டுன ஒடனே பிங் ரெண்டு மடங்கு மோசமாச்சு. ப்ளூடூத்தும் அதே 2.4 லதான் பேசுது, லேப்டாப்ல ரெண்டுக்கும் ஒரே கார்டு, ஒரே ஆன்டெனா, மாத்தி மாத்தி நேரம் பங்கு போட்டுக்கும். வயர் ஹெட்செட் ஒண்ணு மாட்டுனதுக்கே அன்னிக்கு க்ளாஸ் பாதி சரியாச்சு. செலவில்லாத வழி இது, மொதல்ல இத செஞ்சு பாருங்க. ரெண்டாவது செலவில்லாத வழி ரூட்டர ஷோகேஸ்லேந்து வெளிய எடுத்து ஆளு உயரத்துல வைக்கறது, பீரோவ நகத்தறது. நகத்துனோம், சிக்னல்ல ரெண்டு கோடு கூடுச்சு, ஆனா மூணு மணி நேர டெஸ்ட்ட நம்பி உக்காரற அளவுக்கு இல்ல.

ரிப்பீட்டர் ஒண்ணு மாமா ஏற்கனவே வாங்கி பாப்பா ரூம்லயே சொருகி வச்சிருந்தாரு. அங்க வர்றதே செத்த சிக்னல், அத வாங்கி திரும்ப பேசுனா என்ன ஆகும். ரிப்பீட்டர் பாதி வழில இருக்கணும், இங்க பாதி வழின்னா படிக்கட்டு, அங்க ப்ளக் பாயின்டே கெடையாது. இருந்தாலும் ஒரே ரேடியோ கேக்கவும் செய்யணும் பேசவும் செய்யணும்னா வேகம் பாதியாகும், தாமதமும் கூடும். மெஷ் செட்டு, அதாவது ரெண்டு மூணு பொட்டி சேந்து ஒரே வைஃபையா ஓடறது, நல்ல சாமான்தான், ஆனா வயர் இல்லாம ரெண்டு பொட்டியும் பேசிக்கணும்னா அதே கான்க்ரீட் தளத்தத்தான் தாண்டணும், வயர் இழுத்து குடுக்கறதா இருந்தா எதுக்கு ஏழாயிரம் ரூபா மெஷ்ஷு, பழைய ரூட்டரே போதும். யூஎஸ்பி வைஃபை டாங்கில் 5 கிகாஹெர்ட்ஸோட 1,000 சொச்சத்துக்கு அப்ப கெடைச்சுது, ரூட்டர் இருக்கற அதே மாடில ரூம் இருந்தா நான் அதத்தான் மொதல்ல சொல்லுவேன், அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு அக்கம்பக்கத்து நெரிசல்லேந்து தப்பிக்க அது ரொம்ப நல்லது, ஆனா 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவரத் தாண்டறதுல 2.4 ஐ விட நோஞ்சான், தளத்த தாண்டி எங்களுக்கு வராது. கரன்ட் வயர் வழியா நெட்டு அனுப்பற பொட்டி இருக்கு, மாடிக்கு தனி ஃபேஸு, நடுவுல இன்வெர்ட்டர்னு இருக்கற வீட்ல அத நம்ப எனக்கு தைரியம் இல்ல.

அதனால வயர். கேட்6 நெட்வொர்க் கேபிள் 20 மீட்டர், ஹால்லேந்து ஜன்னல் வழியா வெளிய போயி படிக்கட்டு ஓரமா மேல ஏறி அவ ரூம் ஜன்னல்ல உள்ள. 700 ரூபா. கடைல கேட்டு வாங்குங்க, செம்பு முலாம் பூசுன அலுமினியம் வயரும் கேட்6 னு சொல்லி விக்கறாங்க, முழு செம்பு வேணும். வெயில்ல சாதா கேபிள் மேல்தோல் வெடிச்சிரும், அதனால வெளிய வர்ற பாகத்த பிவிசி பைப்புக்குள்ள விட்டோம், அது ஒரு 200. இடி மின்னல் அன்னிக்கு ரெண்டு பக்கமும் கழட்டி விட சொல்லிருக்கேன். மேல பழைய ரூட்டர் ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அதுல டிஹெச்சிபிய, அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் ஐபி நம்பர் குடுக்கற வேலைய, ஆஃப் பண்ணி, ஐபி நம்பர கீழ ரூட்டரோட மோதாம மாத்தி, வேன் ஓட்டைல சொருகாம லேன் ஓட்டைல கேபிள சொருகுனா அது ஆக்சஸ் பாயின்ட், அதாவது கீழ ரூட்டரோட வெறும் நீட்டிப்பு, ஆயிரும். அதுலேந்து ஒரு குட்டி கேபிள் லேப்டாப்புக்கு. லேப்டாப்ல லேன் ஓட்ட 100 எம்பிபிஎஸ் வகைதான், ப்ளானும் 100 தான், ஒண்ணும் கொறஞ்சு போகல. ரூட்டருக்கு பிங் இப்ப 1 மில்லிசெகண்டுக்குள்ள, ராத்திரி பூரா ஓட விட்டு காலைல பாத்தேன், ஒண்ணு கூட அறுந்து போகல. வாடகை வீடு, வயர் இழுக்க ஓனர் விட மாட்டாருன்னா மட்டும் மெஷ் பக்கம் போங்க, பொட்டிய தளத்துக்கு நேர் மேல வைக்காம படிக்கட்டு வாய்ல வைங்க, தெறந்த வழி அங்கதான் இருக்கும்.

கரன்ட் போனா கீழ ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகி வர ரெண்டு மூணு நிமிஷம், அதுவே டெஸ்ட்ட கெடுத்துரும்னு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு கீழயும் ஒண்ணு மேலயும் வச்சேன், ரூட்டர் அடாப்டர்ல 12 வோல்ட்டா 9 ஆன்னு பாத்து வாங்குங்க. இதையும் சேத்து மொத்தம் பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. நவம்பர் மாசம் பூரா ஞாயித்துக்கிழமை டெஸ்ட் எல்லாத்தையும் முழுசா எழுதுனா, ஒவ்வொண்ணும் முடிஞ்ச ஒடனே எனக்கு ஃபோன் வந்துச்சு.

கழட்டுன பழைய ஹார்ட் டிஸ்க்க 300 ரூபா யூஎஸ்பி கேஸ்ல போட்டு அக்காகிட்ட குடுத்திருக்கேன், அதுலதான் பாப்பாவோட சின்ன வயசு ஃபோட்டோ, ஸ்கூல் ஆண்டு விழா வீடியோ எல்லாம் இருக்கு. டிஸ்க் நல்லாருக்கான்னு காட்டற க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு பாத்தேன், மஞ்சள்ல எச்சரிக்கை காட்டுது, செக்டர் கெட ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வாட்டி போறப்ப இன்னொரு டிஸ்க் வாங்கிட்டு போயி மொதல் வேலையா அத காப்பி எடுக்கணும், அதுவரைக்கும் அத சொருகாம பீரோவுலயே வைக்க சொல்லிருக்கேன்.